முதுகு ஷாட்

சத்தத்தக் குறைக்க வேணாம் தம்பி, பாப்பா பாக்கட்டும். எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. தொந்தரவுன்னா அது பத்து வருஷமா இருக்கு, உங்க போனால புதுசா வந்துடப் போறதில்ல. பஸ்ஸு மரக்காணம் தாண்டினதும் பாப்பா படத்தப் போட்டுச்சு பாருங்க, காத்தாலை கிறீச்சுனு சுத்துற அந்த மொதல் சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு. 'காத்தாலைத் தீவு'. தூங்குற மாதிரி கண்ண மூடிப் பாத்தேன். முடியல. ஒவ்வொரு வசனமும் அவங்க பேசறதுக்கு முன்னாடி என் வாய்க்குள்ள வந்து நிக்குது.

ஏன்னா தமிழ்ல அத எழுதினது நான்தான்.

சிரிக்காதீங்க, நெசம். கடைசில பேரு வரும். தமிழ் வசனம், பாடல்கள், குரல் இயக்கம், சௌந்தர். ஆனா அதுக்குள்ள எல்லாரும் நிறுத்திட்டு வேற படத்துக்குப் போயிடுவாங்க. இருபத்தாறு வருஷமா சாலிகிராமத்துல டப்பிங் வேலைதான் எனக்கு. சிங்கம், பூனை, ரோபோ, தேவதை, எல்லாத்தயும் தமிழ் பேச வெச்சவன். எங்க வீட்ல நான் பேசுனது கம்மி. அது எங்க வீட்டம்மா கோமதி சொல்றது, நான் சொல்லல.

இந்தப் படத்தப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன? நல்ல படம்னுதான சொல்வீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானும் ஒத்துக்கிறேன், அந்த மொதல் பாட்டு இருக்கே, காத்தாலை கிறீச்சுங்கிற சத்தமே தாளமாகி, அதுலேருந்து அந்தப் பொண்ணு டீலா பாட ஆரம்பிக்கிறது, அத மாதிரி ஒரு எடம் எவனாலயும் யோசிக்க முடியாது. ஆனா கதைன்னு பாத்தீங்கன்னா ஓட்டை. பெரிய பெரிய ஓட்டை.

பாருங்க. ஒரு தீவு, தீவு பூரா காத்தாலை. அதப் பாத்துக்கிறவன் ஒருத்தன், அவன் பொண்ணு டீலா. அவ பாடுனா காத்து வரும். ஒரு நாள் ரொம்ப உச்சத்துல பாடிடுறா, பெருங்காத்து அடிச்சு பெரிய காத்தாலையோட றெக்க ஒடிஞ்சுபோகுது. அப்பன் என்ன பண்றான்? இனிமே பாடாதங்கிறான். காத்தாலைய வடக்கயிறு போட்டுக் கட்டிடுறான். அவ கோவிச்சுக்கிட்டு ஒரு ஒத்தக் கொம்பு ஆட்டோட படகுல கெளம்பிடுறா. சரி. எங்கெங்கயோ போறா, ஆடு ஒரு பாட்டுப் பாடுது, நாலு நிமிஷம், தேவையே இல்ல. அப்புறம் ஒரு நாள் திடீர்னு திரும்பி வந்து நிக்கிறா. ஏன் வந்தா? ஒரு வசனம் கெடையாது. யாரும் கூப்பிடல. அப்பன் கடுதாசி போடல. வில்லன்னு ஒருத்தன் இருந்தாலாவது அவன அடிக்க வந்தான்னு வெச்சுக்கலாம். வில்லனும் இல்ல. அப்புறம் அவ எதுக்கு வரணும்?

"காத்தாலைக்காக வந்தாப்பா. அவருக்காக வரல." இது என் பொண்ணு சொல்றது.

என் பொண்ணு பேரு நிறைமதி. கடலூர்ல கூட்டுறவு பேங்க்ல வேலை. அவளப் பாக்கத்தான் போறேன். அவளும் நானும் இந்தப் படத்தப் பத்திப் பத்து வருஷமா சண்ட போட்டுட்டிருக்கோம். நான் ஓட்டைங்கிறத அவ அழகுங்கிறா. ஆட்டுப் பாட்டு வேஸ்ட்டுன்னா, வீட்ட விட்டுப் போனப்புறம் டீலா மொதமொதலா சிரிக்கிற எடம் அதுதான், அது இல்லன்னா அவ உயிரோட இருக்கான்னே தெரியாதுங்கிறா. வில்லன் இல்லன்னா, "இருக்காரே, கயிறு கட்டினவரு"ங்கிறா. காலேஜ் லீவுக்கு வந்தாலும் இதான் பேச்சு. வேலைக்குப் போனப்புறம் பொங்கலுக்கு வந்தாலும் இதான் பேச்சு. சாப்பாடு போட்டுக்கிட்டே கோமதி கேப்பா, அப்பாவும் பொண்ணும் அந்தப் பொம்மப் படத்தப் பத்தியா பேசறீங்கன்னு. பின்ன வேற எதப் பத்தின்னு நான் கேப்பேன். அவ ரசச் சட்டிய எடுத்துட்டு உள்ள போயிடுவா.

எனக்கு ஆறல தம்பி. சொல்றேன் கேளுங்க, நீங்களே நியாயத்தச் சொல்லுங்க.

டப்பிங்ல பெரிய பாடு எதுன்னு நெனைக்கிறீங்க? உதடு. அவன் அவன் பாஷைல உதட்ட மூடுற எடத்துல நமக்கு ஒரு பானாவோ மானாவோ வந்தாகணும். அவன் வாயத் தொறந்து வெச்சிருக்கப்ப நாம 'ம்'னு முடிச்சா குழந்தகூட சிரிக்கும். ஒரு 'போ'வுக்காக ஒரு மத்தியானம் பூரா உக்காந்திருக்கேன். அதனால எங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சது எது தெரியுமா? முதுகு ஷாட். ஆளு திரும்பி நிக்கிறான், வாய் தெரியல. என்ன வேணா பேச வெக்கலாம். கதைல ஓட்டை இருந்தா அங்க அடைக்கலாம். எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான். முதுகு தெரிஞ்சா வசனம் போடு. காலியா விட்டா ஏதோ வேல முடிக்காம விட்ட மாதிரி கை அரிக்கும்.

இந்தப் படத்துல கடைசில டீலா வந்து படிக்கட்டுக்குக் கீழ நிக்கிறாளா? அப்பன் அவளப் பாக்கிறான். திரும்பிக்கிறான். நமக்கு முதுகுதான் தெரியும். ஒன்பது செகண்டு. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாருங்க, சினிமால அது ஒரு யுகம். ஒரிஜினல்ல அந்த ஒன்பது செகண்டும் ஒண்ணுமே கெடையாது. காத்துகூட இல்ல. அப்புறம் மெதுவா குனிஞ்சு அந்தக் கயித்த அவுக்கிறான். காத்தாலை சுத்துது. பாட்டு. படம் முடிஞ்சுது.

மன்னிப்பே கேக்கலியே! நம்ம ஊர்ல ஒத்துப்பாங்களா? பெத்த பொண்ண வாயத் தொறக்காதன்னு சொன்னவன், ஒரு வார்த்த சொல்ல வேணாமா? நான் சொல்ல வெச்சேன். "உன் பாட்ட நிறுத்தினேன் டீலா, என் காத்தே நின்னுபோச்சு. அப்பாவ மன்னிச்சிடும்மா." ஒன்பது செகண்டுக்குக் கச்சிதமா உக்காந்துச்சு. தியேட்டர்ல பொம்பளைங்க அழுதாங்க. ஒரு ஆட்டோ பின்னாடி எழுதியிருந்தான் தம்பி, என் கண்ணால பாத்தேன். எங்க தொழில்ல ஒரு வரி ஆட்டோல ஏறிடுச்சுன்னா அதுக்கு மேல விருது இல்ல.

அது ஸ்கிரிப்ட்ல இருந்த வரி இல்ல. கடைசி நாள்தான் தோணுச்சு. புதுப் பொண்ணு பாடி முடிச்சுட்டுப் போன அன்னைக்கு.

எந்தப் புதுப் பொண்ணா? அதச் சொல்லலியா நான்.

இத நீங்க தொழில் விஷயமா கேக்கணும், சரியா? டீலாவுக்கு மொதல்ல பேசினது நிறைமதிதான். ஆறு வயசுலேருந்து அவ மைக் முன்னாடி நின்னவ. எட்டாதுன்னு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏத்தி விடுவேன். சென்னைல அந்தக் காலத்துல டிவில எந்தக் குழந்த அழுதாலும் அது அவ அழுகதான். பாட்டும் நல்லா பாடுவா. அவளுக்குப் பதிமூணு வயசுல இந்தப் படம் வந்துது. எங்க ரெண்டு பேருக்கும் மொத தியேட்டர் படம். எட்டு நாள் ஸ்கூலுக்கு லீவு போட்டுப் பேசினா, பாடினா. வீட்டுக்கு வர்ற வழியில எல்லாம் டீலாவாவேதான் பேசுவா. "அப்பா, காத்து வருது!"ம்பா ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்துக்கிட்டு.

கடைசிப் பாட்டுல உச்சத்துக்குப் போற எடத்துல அவ குரல்ல ஒரு பிசிறு விழுந்துது. வயசு அப்படி. குரல் தடிக்க ஆரம்பிக்கிற நேரம். ரெக்கார்டிஸ்ட் ஹென்றி, எங்க ஆளு, அவன் சொன்னான், இருக்கட்டும் சார், அந்தப் பொண்ணு அவ்ளோ நாள் கழிச்சு மறுபடி பாடுது, ஒடையாம எப்படி வரும்னு. நான் சொன்னேன், ஹென்றி, இது டிவி இல்ல, தியேட்டர் ஸ்பீக்கர்ல இந்தப் பிசிறு ஊசி மாதிரி குத்தும். என் பொண்ணுங்கிறதுக்காக நான் விட்டேன்னு பேரு வரக் கூடாது. தொழில்னா தொழில்தான? வேற ஒரு பொண்ணக் கூப்பிட்டு நாலே நாள்ல எல்லாத்தயும் மறுபடி எடுத்தேன். பாட்டு, வசனம், சிரிப்பு, இருமல் எல்லாம்.

நிறைமதிகிட்டயா? சொல்லல. அரைப் பரீட்சை நேரம். பரீட்சை முடியட்டும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். பரீட்சை முடிஞ்சுது, லீவு விட்டாங்க, லீவுல எதுக்குன்னு விட்டேன். படம் வந்துடுச்சு.

அவ கிளாஸ் பசங்க பதினோரு பேரக் கூட்டிட்டு வந்துட்டா, மத்தியான ஷோவுக்கு. நான் பின் வரிசைல உக்காந்திருந்தேன். டீலா திரைல ஓடி வரா. வாயத் தொறக்கிறா. "அப்பா, காத்து வருது!" வேற குரல். அந்த இருட்டுல என் பொண்ணு அப்படியே திரும்பி என்னப் பாத்தா. ஒரே ஒரு தடவ. அப்புறம் படம் முடியிற வரைக்கும் திரும்பல. எனக்கு அவ முதுகும் ரெட்ட ஜடையும்தான் தெரிஞ்சுது.

ஆனா ஒண்ணு சொல்றேன், நான் அவ பேர எடுக்கல. எடுத்திருக்கலாம், நியாயமா எடுத்திருக்கணும். டீலா, குரல், நிறைமதின்னு திரை பூரா வந்துது. பதினோரு பசங்களும் எந்திரிச்சு நின்னு கத்தினாங்க, கை தட்டினாங்க. பேசின பொண்ணோட அம்மா அப்புறம் போன்ல என்னக் கிழிச்சு எடுத்துட்டாங்க, அதயும் வாங்கிக்கிட்டேன். எந்த அப்பன் இத செய்வான், சொல்லுங்க? பேரு அவளுக்கே இருக்கட்டும்னு விட்டவன் நான். அதுக்கு அவ ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல. ஸ்கூல்ல எல்லாரும் அந்தப் பாட்டப் பாடு பாடுன்னு கேட்டாங்களாம். தொண்ட கட்டியிருக்குன்னு சொல்லிச் சொல்லி வருஷத்த முடிச்சாளாம். இது எனக்கு அப்புறம் கோமதி சொல்லித்தான் தெரியும்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் ஏன்பா மாத்துனீங்கன்னு கேப்பான்னு நெனைச்சேன். பதில் தயாரா வெச்சிருந்தேன், ஸ்பீக்கர், பிசிறு எல்லாம். அவ அதக் கேக்கவே இல்ல. செருப்பக்கூட கழட்டாம நின்னுக்கிட்டு, "கடைசில அந்த அப்பா பேசறாரே, அது ஒரிஜினல்ல இருக்கா?"ன்னா. இல்லம்மா, நான் சேத்தேன்னேன். ஏன்னு கேட்டா. சந்தோஷமாயிட்டேன் தம்பி. தொழில் பத்திக் கேக்கிறா பாருங்க! அர மணி நேரம் சொன்னேன், முதுகு ஷாட்டுன்னா என்ன, நம்ம ஜனங்களுக்கு ஏன் ஒரு வார்த்த வேணும், எல்லாம். நின்னபடியே பூராவும் கேட்டா. கேட்டுட்டு, "அவரு பேசாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

அன்னைக்கு ஆரம்பிச்ச விவாதம்தான். இன்னும் முடியல. மைக் பக்கம் அவ அப்புறம் வரவே இல்ல. படிப்புல கவனம்னு நெனச்சேன். நல்லதுதான்னு விட்டுட்டேன்.

இப்ப எதுக்குப் போறேன்னா, படத்துக்கு இது பத்தாவது வருஷம். மறுபடி தியேட்டர்ல போடறாங்க, புது சவுண்டோட. ஹென்றி பழைய ஹார்ட் டிஸ்க்கெல்லாம் தேடி எடுத்தான். அதுல அவ பாடினது அப்படியே இருக்கு. அவன் என்கிட்ட ஒண்ணும் சொல்லாம அந்தக் கடைசிப் பாட்ட மட்டும் போட்டு விட்டுட்டு டீ வாங்கப் போயிட்டான். கேட்டேன். அந்தப் பிசிறு வந்துது.

என்னத்தச் சொல்ல. பத்து வருஷமா அந்த எடம் சரியில்ல சரியில்லன்னு எனக்கே ஒரு உறுத்தல் இருந்துச்சு, புதுப் பொண்ணு சுத்தமா பாடியிருந்தாலும். அந்தப் பிசிறுதான் இல்லாம இருந்திருக்கு. இப்பல்லாம் அந்த மாதிரிக் குரல்தான் ரசிக்கிறாங்க, அப்ப ரசன வேற. அப்படித்தான் ஹென்றிகிட்ட சொன்னேன். அவன் தலையாட்டினான். டீ ஆறிப்போச்சு, குடிங்க சார்னான்.

அவ குரலயே போடலாம்னு கம்பெனிகிட்டப் பேசி ஒத்துக்க வெச்சுட்டேன். அவ கையெழுத்து வேணும், அவ்வளவுதான். இதோ பைல பேப்பர் இருக்கு. போன் பண்ணினேன். குதிப்பான்னு நெனச்சேன். லைன் போயிடுச்சோன்னு ரெண்டு தடவ ஹலோ ஹலோன்னேன். அப்புறம் சொன்னா, "கையெழுத்துப் போடறேன். அந்த வரிய எடுத்துடுங்க."

எந்த வரின்னு கேட்டேன். தெரியாமயா கேட்டேன்? தெரிஞ்சுதான்.

"அந்த ஒன்பது செகண்டு சும்மா இருக்கட்டும்பா."

இது நியாயமா தம்பி? சொல்லுங்க. ஆட்டோ பின்னாடி ஏறின வரி. நான் செத்தா என் பேர்ல நிக்கப்போற ஒரே வரி. அதுவும் என்ன வரி? மன்னிப்புக் கேக்கற வரி. மன்னிப்புக் கேக்கறவன் வாயப் பொத்துன்னு எந்தப் பொண்ணாவது சொல்லுவாளா? மூணு நாளா சரியா சாப்பிடல. அலுத்துப்போச்சு எனக்கு. கோமதிகிட்ட சொன்னா, எடுத்துட வேண்டியதுதானங்கிறா, ஏதோ தோச மேல இருக்கிற கறிவேப்பிலய எடுக்கற மாதிரி.

என்ன கேட்டீங்க?

நான் அவகிட்ட மன்னிப்புக் கேட்டேனான்னா கேக்கறீங்க?

அதான் கேட்டேனே. படத்துலயே கேட்டேனே. தமிழ்நாடு பூரா கேட்டுச்சே.

...

இல்ல, கோவமில்ல. சின்ன வயசு உங்களுக்கு. பொண்ணு மடில உக்காந்திருக்கு. இந்த வயசுல எல்லாம் சுலபமாத்தான் தெரியும்.

கெடிலம் பாலம் தாண்டிட்டமா? இதோ, வந்துடுச்சு பாருங்க. பாப்பா படத்துல அந்த எடம் வந்துடுச்சு. டீலா படிக்கட்டுக்கிட்ட வந்துட்டா. கொஞ்சம் இப்படித் திருப்புங்க போன. நீங்களும் பாருங்க, பாத்துட்டு நீங்களே சொல்லுங்க அந்த வரி வேணுமா வேணாமான்னு. இதோ திரும்பிட்டான். முதுகு.

பாத்தீங்களா! பாத்தீங்களா, பாப்பா கூடச் சேந்து சொல்லுது! ஒரு எழுத்து மாறல. உங்க மூஞ்சப் பாத்துச் சொல்லுது. என்ன ஒரு இது... அடடா. இதுக்கு மேல என்ன வேணும் எனக்கு.

பாப்பா, சூப்பரா சொன்னடா கண்ணு. சரி, அவங்க அப்பா இப்ப என்ன பண்ணினாரு, சொல்லு தாத்தாவுக்கு?

கயிறுடா. கயித்த அவுத்தாருல்ல?

பாக்கலியா?

பாக்கல தம்பி. உங்களப் பாத்து வசனம் சொல்லிட்டிருந்துச்சுல்ல, அதுக்குள்ள அவன் அவுத்துட்டான். கொஞ்சம் பின்னாடி தள்ளிப் போடுங்களேன். இன்னும் கொஞ்சம். ஆங். இப்பவும் வசனந்தான் சொல்லுது. அவன் குனியறதயே அது பாக்கல. நீங்களும் பாக்கல, நீங்க பாப்பாவப் பாத்துட்டிருந்தீங்க. நான்... நானும் உங்க ரெண்டு பேரயுந்தான் பாத்துட்டிருந்தேன்.

எத்தன குழந்தைங்க அவன் குனியறதப் பாத்திருக்கும், இந்தப் பத்து வருஷத்துல?

நிறுத்திடுங்க. போதும்.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. திருப்பாப்புலியூர். பைய எடுத்துக்குங்க, பாப்பா தண்ணி பாட்டில் சீட்டுக்குக் கீழ கெடக்குது பாருங்க. நான் ஜன்னல் வழியா ஒரு தடவ பாத்துக்கிறேன், ஸ்டாண்டுக்கு வரேன்னு சொன்னா, வந்துட்டாளான்னு.

அதோ. பூக்கடைக்குப் பக்கத்துல தூண் இருக்கு பாருங்க, பச்ச சுடிதார், கைல கொட. அவதான். விழுப்புரத்துலேருந்து வர்ற பஸ்ஸுங்க நிக்கிற பக்கமாப் பாத்துட்டு நிக்கிறா. நான் பாண்டி வழியா வரேன்னு சொல்ல மறந்துட்டேன். இந்தப் பக்கம் திரும்பல. முதுகுதான் தெரியுது. இப்பவும் ஜடதான் போட்டிருக்கா, ஒத்த ஜட.

கெளம்பறப்பவே எழுதி மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன் தம்பி. எறங்கினதும் என்ன சொல்லணும்னு. எட்டு வரி. மரக்காணம் வர்றதுக்குள்ள ஒண்ணத் திருத்தினேன். இப்ப ஒண்ணுகூட உதட்டுல உக்காரல.

நீங்க எறங்குங்க. பாப்பா கையப் பிடிச்சுக்குங்க, படி ஒசரம். நான் போயி அவ பின்னாடி நிக்கிறேன். அவளா திரும்பட்டும். எவ்வளவு செகண்டு ஆனாலும் நான் வாயத் தொறக்கல.